விசை வாய்பாடு

1

கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் பார்வையற்றவனுக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறோம். அதை இயக்கும் விசைக் கட்டளைகளைப் பட்டியல் போடுகிற காரியம், கவிதையும் விமர்சனமும் வெளியிடும் ஒரு பத்திரிகையின் பக்கங்களுக்குரியதா என்று கேட்கலாம். உரியது என்றே நினைக்கிறேன். வாசிப்பு என்பது என்ன, வாசகன் என்பவன் யார் என்றெல்லாம் இங்கே ஓயாமல் விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதங்களில் வந்துபோன வாசகனுக்கு எப்போதும் இரண்டு கண்கள் இருந்தன. அது ஒரு நிபந்தனை என்பதுகூட விவாதித்தவர்களின் பிரக்ஞையில் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பார்வை ஆறு வயதில் போயிற்று. இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தில். சில மாதங்களாக, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பார்வையற்ற இரண்டு இளையவர்களுக்காகத் திரைவாசிப்பானின் விசைக் கட்டளைகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். ஒருவன் எங்கள் ஊர்ப்பையன். இன்னொருத்தி கல்வராயன் மலையடிவாரத்துப் பெண். தொகுக்க உட்கார்ந்தபோது முதலில் எதிர்ப்பட்ட சிக்கல் இது: கட்டளைகளை விளக்கும் கையேடு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைத் திறந்து படிக்க அந்தக் கட்டளைகளே தெரிந்திருக்க வேண்டும். பூட்டைத் திறக்கும் சாவி பூட்டிய அறைக்குள்ளேயே கிடக்கிறது.

இது என் காரியத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பார்வையற்றோர் வாசிப்பின் சரித்திரம் நெடுக இதே சிக்கல்தான். ஒரு புதிய வாசிப்பு முறை தன் முதல் பாடத்தைத் தன்னுடைய ஊடகத்தில் எழுதிக்கொள்ள முடிவதில்லை. வேறொன்றில்தான் எழுதியாக வேண்டும். அந்த வேறொன்று யார் கையில் இருந்தது, அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புகிற சரித்திரம்.

2

தமிழில் பார்வையற்ற புலவர்களுக்குப் பஞ்சமில்லை. இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடமானவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தகக்கவி வீரராகவ முதலியார் பேரிலேயே அந்தகக்கவி என்பது இருக்கிறது. பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836-1884) குழந்தையிலேயே வைசூரியில் பார்வை இழந்தவர்.

அந்தகக்கவிக்கு முதுகில் விரலால் எழுதிக்காட்டி எழுத்துக் கற்பித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, கதை அர்த்தமுள்ளது. ஏடு இல்லாதவனுக்கு அவன் தோலே ஏடாயிற்று. ஆனால் அந்த ஏட்டில் எழுதுகிற விரல் இன்னொருவனுடையது. அவன் வந்தால் பாடம், வராவிட்டால் இல்லை. திரும்ப ஒரு முறை படிக்க வேண்டுமென்றாலும் அவனைத்தான் கேட்க வேண்டும்.

நம் மரபு இந்தப் புலவர்களின் நினைவாற்றலைத்தான் கொண்டாடியது. கேட்டதை மறக்காதவர், நினைத்த மாத்திரத்தில் பாடுபவர் என்று. ஏட்டைப் புரட்ட முடியாதவனுக்கு நினைவு ஒன்றுதான் கதி என்பதைப் புகழ்ச்சியாக மாற்றிவிட்டோம். சந்தேகம் வந்தபோது எந்தச் சுவடியையும் தானே எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருந்ததா என்ற கேள்வி எழவே இல்லை. வாசகன் என்பவன் கேட்பவன் மட்டும் இல்லை. நிறுத்துகிறவன், திரும்பிப் போகிறவன், தாண்டிச் செல்கிறவன். இந்த மூன்றும் கேட்டு மட்டும் கற்றவனுக்கு வாய்த்ததில்லை.

3

வாலன்டைன் ஆவி 1785இல் பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தியபோது, ரோமன் எழுத்துகளையே காகிதத்தில் புடைப்பாக அழுத்திக்கொடுத்தார். பார்க்கிறவனின் எழுத்தைத் தடவிப் படிக்கச் சொல்வது. படிக்கலாம், நேரம் பிடிக்கும், எழுத முடியாது. அந்தப் பள்ளியில் 1819இல் சேர்ந்த லூயி பிரெயில், ஷார்ல் பார்பியே என்பவர் வகுத்திருந்த பன்னிரண்டு புள்ளி ஒலிக்குறி முறையை எடுத்து, அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். விரல் நுனி ஒரே தொடுகையில் உணரக்கூடிய அளவு ஆறு புள்ளி. இதைக் கண்டவன் விரலால் வாழ்ந்தவன். அப்போது அவருக்குப் பதினைந்து வயது.

முறையை விளக்கி 1829இல் ஒரு புத்தகம் வந்தது. அந்தப் புத்தகத்தின் விளக்கம் எந்த எழுத்தில் அச்சாகியிருந்தது என்பதுதான் முக்கியம்: புடைத்த ரோமன் எழுத்தில். புதிய முறையின் முதல் கையேடு, தான் அகற்ற வந்த பழைய முறையில் எழுதப்பட்டது. வேறு வழி கிடையாது. பிரெயிலை யாருக்கும் இன்னும் தெரியாது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1840இல் பள்ளியின் தலைமைக்கு வந்த அர்மான் துஃபோ, பிரெயில் முறையைத் தடை செய்தார். பார்க்கிற ஆசிரியர்களுக்குப் படிக்க வராத ஒரு எழுத்து, மாணவர்களைத் தனி உலகமாக ஒதுக்கிவிடும் என்பது வாதம். மாணவர்கள் ஒளித்து வைத்து எழுதினார்கள். துணைத்தலைவர் கதே பேசிச் சம்மதிக்க வைத்த பிறகுதான் 1844இல் அது திரும்ப வகுப்புக்குள் வந்தது. பிரெயில் 1852இல் இறந்தார். பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். நான் இதைத் தியாகக் கதையாகச் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவனுக்குப் படிக்க வராத எழுத்து எழுத்தே இல்லை என்று ஆகிவிடுகிறது. இது பாரிஸோடு முடிந்த விஷயம் இல்லை.

நம் பக்கத்தில் பாளையங்கோட்டைப் பள்ளி 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் அமிர்தசரஸில் ஒன்று தோன்றியிருந்தது. இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு பிரெயில் முறை இருந்த குழப்பம் தீர்ந்து, பாரதி பிரெயில் என்ற பொதுமுறை ஏற்கப்பட்டது 1951இல். ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிகள் என்பது அதன் ஆதாரம்.

அச்சுத் தமிழ் மட்டுமே பழகியவர்கள் கவனிக்க ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அச்சில் ‘கெ’ எழுதினால் உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. ‘கொ’ எழுதினால் குறி இரண்டு பக்கமும் வந்து கட்டிப்பிடிக்கிறது. பிரெயிலில் ககரம் முதலில், அதன் பிறகு எகரமோ ஒகரமோ. காதில் விழுகிற வரிசை. அதேபோல் ண, ன இரண்டையும் நீங்கள் மூன்று சுழி, இரண்டு சுழி என்று பிரிக்கிறீர்கள். பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் சுழியைப் பார்த்த காலம் மங்கிவிட்டது. கூடப் படித்தவர்களில் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் சுழி என்பதை வெறும் சொல்லாகவே கற்றார்கள். விரலுக்கு ணகரம் நான்கு புள்ளி, னகரம் இரண்டு புள்ளி. வேற்றுமை துல்லியமானது. அதற்குப் பெயர் மட்டும் பார்க்கிறவர்களிடமிருந்து வந்தது.

4

விசைக்கு வருகிறேன். இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் 1808 வாக்கில் பார்வையற்ற ஒரு சீமாட்டி தானே கடிதம் எழுதுவதற்காக ஒரு இயந்திரம் செய்துகொடுத்தார். இயந்திரம் இல்லை, அதில் அடித்த கடிதங்கள் சில எஞ்சியிருக்கின்றன. டைப்ரைட்டரின் ஆதி உருவங்களில் அது ஒன்று. விசையை அழுத்தி எழுதுகிற பழக்கத்தின் தொடக்கத்தில் ஒரு பார்வையற்றவரின் தேவை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1951இல் சந்தைக்கு வந்த பெர்கின்ஸ் பிரெயிலரில் எழுத்துக்கென்று உள்ளவை ஆறே விசைகள், நடுவில் இடம்விடும் விசை. வலக்கை மூன்று விரல், இடக்கை மூன்று விரல். ஒரு எழுத்தின் புள்ளிகளை ஒரே நேரத்தில், வீணையில் சேர்த்து மீட்டுகிற மாதிரி அழுத்த வேண்டும்.

ஆக விசைப்பலகை நமக்கு அந்நியமான பொருள் இல்லை. பார்க்கிறவனும் நல்ல டைப்பிஸ்ட் ஆனால் விசையைப் பார்ப்பதில்லை. எஃப் விசையிலும் ஜே விசையிலும் விரல் தட்டுப்படச் சிறு மேடு இருக்கிறதே, அதுதான் அவனுக்கும் ஆதாரம்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில், டாஸ் என்ற இயக்கமுறையில், திரை என்பது இருபத்தைந்து வரி, வரிக்கு எண்பது எழுத்து. மொத்தம் 2000 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் என்ன எழுத்து என்பது இயந்திரத்தின் நினைவில் எழுத்தாகவே இருந்தது. அதை எடுத்துப் பேச்சொலியாக்கும் கருவிக்கு அனுப்பினால் போதும். ஐபிஎம்மில் கணித ஆராய்ச்சியாளராக இருந்த ஜிம் தாட்சர், தனக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்த பார்வையற்ற ஜெஸ்ஸி ரைட்டுடன் சேர்ந்து செய்த வேலையிலிருந்து 1986இல் ஐபிஎம் ஸ்கிரீன் ரீடர் வந்தது. அந்தப் பெயர்தான் பிறகு பொதுப்பெயராயிற்று. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரராக இருந்து 1978இல் கார் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர், பில் ஜாய்ஸுடன் சேர்ந்து நிறுவிய கம்பெனியின் ஜாஸ் 1989இல் வந்தது. எண்களுக்கென்று வலப்பக்கம் இருக்கும் சிறு கட்டத்தை வாசிப்புக்கென்று ஒதுக்கியதும், இன்சர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்தினால் அது திரைவாசிப்பானுக்கு இட்ட கட்டளை என்ற ஏற்பாடும் அதன் மூலம் பரவின. இன்சர்ட் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. டி சேர்ந்தால் தலைப்பைப் படிக்கும், எஃப் 12 சேர்ந்தால் மணி சொல்லும். மெய்யெழுத்து உயிருக்காகக் காத்திருக்கிற மாதிரி.

இதே காலத்தில்தான் திரை மாறியது. 1984இல் மாக்கின்டோஷ், பிறகு விண்டோஸ். எழுத்துகள் இருந்த இடத்தில் சித்திரங்கள். விசை இருந்த இடத்தில் எலி. எழுத்தும் புள்ளிகளால் வரைந்த சித்திரமாகவே திரைக்கு வந்தது. திரையின் நினைவில் ‘அ’ என்று ஒன்று இல்லை. அகரம் போன்ற ஒரு கோலம் இருந்தது. டாஸில் வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த பார்வையற்றவர்களுக்கு வேலையே போய்விடும் என்ற நிலை. 1989இல் மாக்கின்டோஷுக்கு அவுட்ஸ்போக்கன் என்ற திரைவாசிப்பான் வந்தது. விண்டோஸுக்கான ஜாஸ் 1995 ஜனவரியில். எழுத்தை வரையச் சொல்லி மென்பொருள் இடுகிற உத்தரவை நடுவழியில் பிடித்து, இன்ன இடத்தில் இன்ன எழுத்து என்று மறைவாக ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்வது அவர்கள் கண்ட வழி. சித்திரத்திலிருந்து எழுத்தை மீட்கும் காரியம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்ப வரும்.

அதே 1995இல், புனேயில் வளர்ந்து பதினான்கு வயதில் பார்வையிழந்த டி.வி. ராமன், ஈமாக்ஸ்பீக் என்ற ஒன்றை வெளியிட்டார். அவருடைய பார்வை வேறு. திரையைப் படிப்பது எதற்கு, விஷயத்தைப் பேசினால் போதாதா என்பது. நாட்காட்டியின் கட்டங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போவதற்குப் பதில், இன்ன தேதி இன்ன கிழமை என்று சொல்வது. பார்க்கிறவனுக்காகப் போட்ட பக்கத்தின் நகலாக இல்லாமல், கேட்கிறவனுக்கென்று ஒரு வடிவம் வேண்டும் என்பதை இவ்வளவு கறாராக வேறு யாரும் அப்போது சொன்னதில்லை என்பது என் அபிப்பிராயம்.

5

இவற்றுக்கெல்லாம் கையேடு எப்படி இருந்தது? பெட்டிக்குள் அச்சுப் புத்தகம் வரும். யாராவது படித்துச் சொல்ல வேண்டும். மறுபடியும் முதுகில் எழுதும் விரல். பிறகு ஒலிநாடாவில் பாடங்கள் வந்தன. அச்சைவிட மேல். ஆனால் நாடாவில் தேட முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். உண்மையான மாற்றம், விசைப்பலகையே தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது வந்தது. ஜாஸிலும் இப்போதைய என்விடிஏயிலும் இன்சர்ட்டோடு 1 அழுத்தினால் விசைப்பலகை கற்றுத்தரும் நிலைக்குப் போய்விடும். அதன் பிறகு எந்த விசையை அழுத்தினாலும் வேலை நடக்காது. அந்த விசையின் பெயரும் அது செய்யும் காரியமும் காதில் விழும். தப்பு செய்ய இடமே இல்லாத நிலை. புடைத்த எழுத்தில் அச்சான 1829ஆம் வருஷத்துப் புத்தகத்திலிருந்து இதற்கு வந்துசேர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என்விடிஏ என்பது ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது. ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் சேர்ந்துகொண்டார். ஜாஸின் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. என்விடிஏ இலவசம்; மூலநிரலும் திறந்தது. யாரும் எடுத்துத் தன் மொழிக்கு மாற்றலாம். அதன் கட்டளைச் சுருக்கப் பட்டியல் தனியாக எழுதப்படுவதில்லை. பயனர் வழிகாட்டியில் கட்டளை வருகிற இடங்களில் அடையாளம் இட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களை மட்டும் திரட்டிப் பட்டியல் தானாக உருவாகிறது. உரையிலிருந்து சூத்திரத்தைப் பிரித்தெடுப்பது மாதிரி. தன்னார்வலர்கள் உழைப்பில் இது தமிழுக்கும் வந்திருக்கிறது. எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்குத் திரைவாசிப்பான் வந்ததே இதனால்தான்.

தமிழில் பட்டியல் இருக்கும்போது நான் எதற்கு இன்னொன்று போட வேண்டும்? அந்தப் பட்டியல் அட்டவணை. பெயர், மேசைக் கம்ப்யூட்டருக்கான விசை, மடிக்கணினிக்கான விசை, விளக்கம் என்று நான்கு பத்திகள். அட்டவணைக்குள் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசைகளால் நகர வேண்டும். அது தெரிந்தவனுக்கு அது போதும். முதல் நாள் உட்காருகிறவனுக்குத் தேவை வாய்பாடு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி சொல்லிக்கொடுத்த மாதிரி வாயால் சொல்லி, காதால் வாங்கி, விரலில் தங்க வேண்டும். அதனால் காரியங்களின் வரிசையை விட்டுவிட்டு விரல்களின் வரிசையில் தொகுத்தேன்.

எண் கட்டத்தில் தொடங்கினேன். கீழ் வரிசை 1, 2, 3: முந்திய எழுத்து, இந்த எழுத்து, அடுத்த எழுத்து. நடு வரிசை 4, 5, 6: முந்திய சொல், இந்தச் சொல், அடுத்த சொல். மேல் வரிசை 7, 8, 9: முந்திய வரி, இந்த வரி, அடுத்த வரி. கீழிருந்து மேலாக எழுத்து, சொல், அடி. நம் இலக்கண ஆசிரியர்கள் கட்டிய படிகளே ஒன்பது விசையில் இருக்கின்றன. இதை வாயால் சொன்னபோது ஊர்ப்பையன் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். மேல்வரிசை அடி, நடுவரிசை சொல், அடிவரிசை எழுத்து; இடது முன்னே, வலது பின்னே.

அடுத்த பகுதி அவ்வளவு சுலபமாக இல்லை. வலைப்பக்கத்தில் எச் அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். டி அட்டவணைக்கு, பி பொத்தானுக்கு, ஜி படத்துக்கு. எல்லாம் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்து. பட்டியல் எல் என்பதை எடுத்துக்கொண்டதால் இணைப்புக்குக் கே வாய்த்தது. ஆங்கிலம் அறிந்தவனுக்கு இது ஞாபகக்குறி. அறியாதவனுக்கு இடுகுறி. நான் தமிழ்ச் சொற்களில் இணைத்து ஞாபகக்குறி செய்யப் பார்த்தேன். செயற்கையாக இருந்தது, விட்டுவிட்டேன். எச் விசை கைவிரல் நிற்கும் வரிசையின் நடுவில் இருக்கிறது, மேட்டு விசையான ஜேயிலிருந்து ஒரு எட்டு இடப்பக்கம் என்று இடத்தால் சொன்னேன். தலைப்பு நடுவில் இருக்கிறது என்று அந்தப் பெண் தானே முடித்துவைத்தாள். ஞாபகக்குறி மொழியில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, விரலிலும் இருக்கலாம் என்று அவளிடம் கற்றேன்.

இன்னொரு இடம். படிக்கிற நிலையில் கே என்பது கட்டளை. எழுதுகிற நிலையில் அதே கே எழுத்து. கையேடுகள் இந்த இரண்டுக்கும் கொடுக்கும் பெயர்கள் கனமானவை. நான் ‘படிக்கும் நிலை’, ‘எழுதும் நிலை’ என்றே வைத்துக்கொண்டேன். இன்சர்ட்டும் நீள இடைவெளி விசையும் சேர்ந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். ஒரு வேலை விண்ணப்பப் படிவத்தில் தன் பெயரை அடிக்க முயன்றுவிட்டு அந்தப் பெண் போன் செய்தாள். “அண்ணே, என் பேரை அடிச்சா பக்கம் எங்கெங்கயோ ஓடுது. எழுத்தே விழல.” அவள் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகி அவளைப் பக்கம் முழுக்க இழுத்தடித்திருக்கிறது. “இன்சர்ட்டைப் புடிச்சிக்கிட்டு இடைவெளிய ஒரு தட்டு தட்டும்மா” என்றேன். பெயர் விழுந்தது. வாய்பாட்டில் இதற்கு இப்போது முதல் இடம்.

தை, மாசியில் இங்கே மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் ஓடினால் திரைவாசிப்பான் பேசுவது கேட்காது. அதனால் வாய்பாட்டைப் பிரெயிலிலும் எழுதி வைத்தேன். விரலுக்குச் சத்தம் தடையில்லை.

6

இவ்வளவும் சாவியைப் பற்றி. கதவுக்கு அப்பால் இருப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு இந்தப் பக்கங்களில் வேலையில்லை.

கவிதையை நான் எப்படிப் படிக்கிறேன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இன்சர்ட்டோடு கீழ் அம்பை அழுத்தினால் முழுக்கப் படித்துக்கொண்டே போகும். அப்போது புதுக்கவிதையின் வரிமுறிவு கரைந்து, எல்லாம் உரைநடையாகிவிடுகிறது. அதனால் நான் அம்பு விசையால் வரி வரியாக இறங்குகிறேன். ஒரு தட்டு, ஒரு வரி. வெற்று வரி வந்தால் வெற்று என்று சொல்கிறது. பத்தி முறிந்ததை அறிகிறேன். அடுத்த தட்டு வரை மௌனம் என் கையில். கவி வரியை எங்கே முறித்தான் என்பதைக் கண்ணால் மேய்கிறவர்களைவிட நான் கூடுதலாக உணர்கிறேன் என்றுகூடச் சொல்வேன். ஒவ்வொரு முறிவையும் நான் விரலால் செய்தாக வேண்டியிருக்கிறது. இயந்திரக்குரல் ர, ற இரண்டையும் பெரிதும் ஒன்றாகத்தான் சொல்கிறது. சந்தேகம் வந்தால் அடிவரிசைக்கு இறங்கி எழுத்தெழுத்தாகக் கேட்கிறேன். முதுகில் எழுதுகிறவனை எதிர்பார்த்திருந்த புலவனுக்குக் கிடைக்காத மூன்றும், நிறுத்துவதும் திரும்புவதும் தாண்டுவதும், எனக்குக் கிடைத்திருக்கின்றன.

ஆனால் எதன்மேல் இதைச் செலுத்துவது? யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்று வருகிறது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். என் காதில் விழுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பார்க்கிறவனுக்கு அம்மா. இது தேவலை, மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து தமிழில் நவீனத்துவத்தின் சரித்திரமே சிறுபத்திரிகைகளின் சரித்திரம்தான். பழைய இதழ்களைப் பாதுகாக்கிறோம் என்று பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கிறார்கள். நல்ல காரியம். எனக்கு வந்துசேர்ந்த அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் படம் என்கிறது. அடுத்த பக்கம், படம். நாற்பது பக்கமும் படம். எழுத்து மறுபடியும் சித்திரமாகிவிட்டது. 1984இல் திரைக்கு நேர்ந்தது இப்போது நம் இலக்கியத்துக்கு நேர்கிறது, அதுவும் பாதுகாப்பு என்ற பெயரில்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து நூல்களை எழுத்தெழுத்தாக அடித்தார்கள். பார்வையற்றோரை மனதில் வைத்துத் தொடங்கிய காரியம் இல்லை அது. ஆனால் எழுத்தை எழுத்தாக வைத்ததனால், சங்கப்பாடலை நான் என் ஒன்பது விசைகளால் படிக்க முடிகிறது. ஆக எனக்கு விசித்திரமான ஒரு இலக்கியச் சரித்திரம் வாய்த்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கவி எனக்குச் சமகாலத்தவன். 1975இன் கவி எட்டாதவன்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. காப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை லாபநோக்கின்றி மாற்ற அனுமதிக்கிறது. இதே நோக்கத்தோடு 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. தடை சட்டத்தில் இல்லை. படமாக இருந்தாலும் படித்துவிடலாமே என்கிற கண்ணின் சௌகரியத்தில் இருக்கிறது. துஃபோவுக்கு இருந்த அதே சௌகரியம். அவர் கெட்டவர் இல்லை. தன்னால் படிக்க முடிவதைத்தான் எழுத்து என்று நினைத்தார்.

இருநூறு முந்நூறு பிரதி போகிற பத்திரிகைக்கு இதையெல்லாம் செய்ய ஆள் எங்கே என்று பதில் வரும். இருநூறு பேருக்காகத் தன் பணத்தையும் கண்ணையும் செலவிட்டு, ஒவ்வொரு பிழையையும் பெரும் குற்றமாகக் கருதிப் புரூஃப் திருத்திய மரபு இது. வாசகர் எண்ணிக்கை குறைவு என்பது இங்கே ஒருபோதும் நியாயமாக இருந்ததில்லை. எனவே எங்களைக் குறித்தும் அது நியாயமாக முடியாது.

வாய்பாடு முடிந்துவிட்டது. பிரெயிலில் ஏழு தாள். இரண்டு பேரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மலையடிவாரத்துப் பெண் இன்னொருத்திக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கிறார்கள். பழைய இதழ் ஒன்றிலிருந்து கவிதையோ கட்டுரையோ வைத்திருப்பவர்கள், அதை யூனிகோடில் அடித்து அனுப்புங்கள். ஒரு பக்கமானாலும் சரி. படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.